பெரிய குளோ இன்ஜினுக்கு எந்த எரிபொருள்? எப்படிக் கலப்பது?

பயிற்சிக்கான மாதிரி விமானத்தில் 0.46 கன அங்குல இன்ஜினை, அதாவது சுமார் 7.5 சி.சி. இன்ஜினை, 15 சதவீத நைட்ரோ, அதாவது நைட்ரோமீத்தேன், மெத்தனாலோடும் எண்ணெயோடும் கலந்த எரிபொருளில் ஓட்டிப் பழகியிருக்கிறீர்கள். இப்போது அசல் பைப்பர் கப் விமானத்தில் கால் அளவுள்ள மாதிரி ஒன்றுக்காக 1.80 கன அங்குல, ஏறக்குறைய 29.5 சி.சி., டூ ஸ்ட்ரோக் குளோ இன்ஜின் வாங்கியிருக்கிறீர்கள். ரிங் போட்ட பிஸ்டன், பால் பேரிங்கில் ஓடும் கிராங்க். பழைய எரிபொருளையே இதிலும் ஊற்றலாமா, இன்ஜின் பெரிதாகிவிட்டதால் நைட்ரோவைக் கூட்ட வேண்டுமா, ஒரு நாள் பறத்தலுக்கே லிட்டர் கணக்கில் செலவாகும் என்பதால் நாமே கலந்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் நேரடியான பதில். நைட்ரோவைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். உங்கள் இன்ஜினுக்கு 5 சதவீதம் தாராளம், பல இன்ஜின்கள் நைட்ரோவே இல்லாமல் நன்றாக ஓடும். எண்ணெய் 18 சதவீதம் இருக்கட்டும், அதில் கால் பங்கு ஆமணக்கெண்ணெயாக இருக்கட்டும். கலப்பது கடினமான வேலையில்லை. ஆனால் தூய நைட்ரோமீத்தேனைத் தேடி அலைய வேண்டாம், உங்களிடம் இருக்கும் 15 சதவீத எரிபொருளையே மூலமாக வைத்து நீர்க்கச் செய்வதுதான் பாதுகாப்பானதும் மலிவானதுமான வழி. ஏன் இப்படி என்பதைத் தெரிந்துகொண்டால் நாளை வேறொரு இன்ஜின் வாங்கும்போதும் நீங்களே முடிவெடுக்கலாம் என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

குளோ இன்ஜினில் எப்போது தீப்பற்ற வேண்டும் என்று சொல்லும் தனி ஏற்பாடு கிடையாது. பெட்ரோல் இன்ஜினில் காந்தமும் சுருளும் ஸ்பார்க் பிளக்கும் சேர்ந்து அந்த நொடியைத் தீர்மானிக்கின்றன. 1947-இல் அமெரிக்கரான ரே ஆர்டன் குளோ பிளக்கைக் கொண்டுவந்தபோது அந்தப் பாரம் முழுவதும் மாதிரி விமானத்திலிருந்து இறங்கிப்போனது. பிளக்கில் உள்ள பிளாட்டினம் கலந்த கம்பிச்சுருள், தன் பரப்பில் மெத்தனால் ஆவி வினைபுரிவதாலும் முந்தைய எரிதலின் சூட்டாலும் தொடர்ந்து கனன்றுகொண்டிருக்கிறது. கலவை போதிய அளவு அழுத்தப்பட்டுச் சூடேறியதும் அந்தக் கம்பியிடம் பற்றிக்கொள்கிறது. ஆகவே தீப்பற்றும் நேரம் அழுத்த விகிதம், பிளக்கின் சூடு, எரிபொருளின் சேர்மானம் ஆகிய மூன்றின் கையில்தான் இருக்கிறது. எரிபொருளை மாற்றுவது, ஸ்பார்க் இன்ஜினில் டைமிங்கை மாற்றுவதற்குச் சமம். நைட்ரோவைக் கூட்டினால் எரிதல் முன்கூட்டியே தொடங்கும். எரிபொருள் குறித்த குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றைக் கவனிக்காததால் வருபவை.

இப்போது அளவைப் பாருங்கள். உங்கள் பழைய இன்ஜினைவிடப் புதியது கொள்ளளவில் நான்கு மடங்கு. ஆனால் ஒரே வடிவில் நான்கு மடங்கு பெரிதாக்கப்பட்ட சிலிண்டரின் உட்பரப்பு நான்கு மடங்காவதில்லை, சுமார் இரண்டரை மடங்குதான் ஆகிறது. ஒவ்வொரு வீச்சிலும் நான்கு மடங்கு சூடு பிறக்கிறது, அது வெளியேற இரண்டரை மடங்கு சுவர்தான் இருக்கிறது. சிறிய இன்ஜினில் குளிர்ந்த சுவர் கலவையின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அதற்கு நைட்ரோவின் ஊக்கம் உதவுகிறது. பெரிய இன்ஜினில் சூடு தானாகவே தங்கிவிடுகிறது. அதோடு சிலிண்டரின் குறுக்களவு பெரிதாக இருப்பதால் தீ ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்குப் போய்ச் சேரக் கூடுதல் நேரம் பிடிக்கும். அதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானே வெடித்துவிடக்கூடும். இதைத்தான் டெட்டனேஷன் என்கிறோம். பெரிய புரொப்பல்லரை மெதுவான சுழற்சியில் இழுக்கும் பைப்பர் கப் போன்ற மாதிரியில், அந்த மிச்சக் கலவைக்கு வெடிக்க இன்னும் அதிக அவகாசம் கிடைக்கிறது. இத்தகைய இன்ஜினில் 15 சதவீத நைட்ரோவை ஊற்றுவது, ஏற்கெனவே முந்தியிருக்கும் டைமிங்கை மேலும் முன்தள்ளுவதாகும்.

நைட்ரோ உண்மையில் என்ன தருகிறது என்பதையும் எண்களில் பார்த்துவிடலாம். ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 44 மெகாஜூல், மெத்தனாலில் 20, நைட்ரோமீத்தேனில் 11 சொச்சம் மட்டுமே ஆற்றல் உண்டு. அப்படியிருந்தும் நைட்ரோ வலுவைக் கூட்டுவதற்குக் காரணம், அது தன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜனைச் சுமந்து வருவது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும்; மெத்தனாலுக்கு ஏறக்குறைய 6.4 கிலோ, நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும். இன்ஜின் ஒரு சுற்றில் உள்ளிழுக்கும் காற்றுக்கு ஓர் எல்லை உண்டு. அதே ஒரு கிலோ காற்றுக்கு மெத்தனால் 3 மெகாஜூலுக்குச் சற்று மேல் தருகிறது, நைட்ரோமீத்தேன் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமாகத் தருகிறது. பந்தயத்தில் பறக்கும் சிறிய இன்ஜின்களுக்கு இது பெரிய விஷயம். நிதானமாக வட்டமடிக்கும் கால் அளவு கப்புக்கு 29.5 சி.சி.யே தேவைக்கு மேல். சற்றே அதிகமான ஆர்.பி.எம்.முக்காக எரிபொருள் செலவையும் சூட்டையும் பேரிங்கின் துருவையும் விலையாகக் கொடுப்பது வீண். உங்களுக்கு நைட்ரோவால் கிடைக்கும் உண்மையான பயன் ஒன்று உண்டு: மெதுவோட்டம் சீராகவும், திராட்டிலைத் திறக்கும்போது திணறாமலும் இருக்கும். அதற்கு 5 சதவீதம் போதும்.

எந்த நாட்டு இன்ஜின் என்பதும் முக்கியம். ஐரோப்பாவில் நைட்ரோமீத்தேன் எப்போதுமே விலை கூடிய சரக்கு. அதோடு வான் விளையாட்டுகளுக்கான சர்வதேச அமைப்பான எஃப்.ஏ.ஐ.யின் சில போட்டிப் பிரிவுகளில் 80 சதவீத மெத்தனால், 20 சதவீத எண்ணெய் என்ற நைட்ரோ இல்லாத கலவைதான் விதி. ஆகவே இத்தாலியின் பொலோனியாவில் உருவான சூப்பர் டைகர், ஹங்கேரியின் மோக்கி போன்ற பெரிய இன்ஜின்கள் நைட்ரோ இல்லாமலோ மிகக் குறைவாகவோ ஓடும்படி அமைக்கப்பட்டவை. அமெரிக்கச் சந்தையில் 10, 15 சதவீதம் சாதாரணம் என்பதால் அங்கு விற்பவை பலவும் அதற்கேற்ற தாழ்ந்த அழுத்த விகிதத்தோடு வரும். உங்கள் இன்ஜினின் கையேடு என்ன சொல்கிறதோ அதுவே முதல் சொல். நான் எழுதுவதெல்லாம் கையேடு கிடைக்காதபோதும், அது '5 முதல் 15 வரை' என்று அகலமாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்போதும் உதவுவதற்காக. இன்னொன்று: 2021 பிப்ரவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் எடைக்கணக்கில் 16 சதவீதத்துக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள கலவையைப் பொதுமக்கள் உரிமமின்றி வாங்க முடியாது. வெடிபொருள் மூலப்பொருளாக அது பயன்படக்கூடும் என்பதே காரணம். தூய நைட்ரோமீத்தேனைத் தேட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஃபோர் ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அவசரப்பட வேண்டாம். அவற்றில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிதல் நடக்கிறது. நடுவில் ஒரு முழுச் சுற்று பிளக் ஆறிக்கொண்டிருக்கிறது. கம்பி அணையாமல் இருக்க 10 முதல் 15 சதவீத நைட்ரோ அங்கே நியாயமாகவே உதவுகிறது. ஒய்.எஸ். போன்ற, கலவையை அழுத்தி ஊட்டும் போட்டி இன்ஜின்கள் 20, 30 சதவீதம் கேட்பதும் உண்டு. அவை தனி வகை.

இனி எண்ணெய். என் கருத்தில் குளோ எரிபொருளில் உங்கள் கவனமும் பணமும் போக வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் டூ ஸ்ட்ரோக் குளோ இன்ஜினுக்குள் வேறு எண்ணெயே கிடையாது. எரிபொருளோடு வருவதுதான் பிஸ்டனுக்கும் கனெக்டிங் ராடுக்கும் பேரிங்குக்கும் கிடைக்கும் மொத்த உயவு. மெத்தனால் எரிந்துவிடும், எண்ணெயில் பெரும்பகுதி எரியாமல் சூட்டைச் சுமந்துகொண்டு சைலன்சர் வழியே வெளியேறும். விமானத்தின் வயிற்றுப்பக்கம் பிசுபிசுப்பதைப் பார்த்து எரிச்சல்படாதீர்கள். அந்த எண்ணெய் தன் வேலையை முடித்துவிட்டு வந்திருக்கிறது.

ஆமணக்கெண்ணெய் இந்த வேலைக்கு நூறாண்டுக்கும் மேலாகப் பயன்படுகிறது. முதல் உலகப்போரில் பறந்த நோம், லெ ரோன் ரோட்டரி இன்ஜின்கள் அதில்தான் ஓடின, ஏனென்றால் கிராங்க் கேசுக்குள் வரும் பெட்ரோலில் அது எளிதில் கரைந்து நீர்த்துப்போகாது. மாதிரி இன்ஜினில் அதன் சிறப்பு வேறு. அதிலுள்ள கொழுப்பு அமிலத்தில் பெரும்பங்கு ரிசினோலியிக் அமிலம். இதன் காரணமாக அது மெத்தனாலில் நன்றாகக் கரைகிறது, மற்ற தாவர எண்ணெய்கள் இப்படிக் கரைவதில்லை. சூடு எல்லை மீறும்போது அது ஆவியாகிக் காணாமல் போவதற்குப் பதிலாகத் தடித்து, உலோகத்தின் மேல் வார்னிஷ் போன்ற படலமாக ஒட்டிக்கொள்கிறது. பறக்கும்போது கலவை மெலிந்து, அதாவது காற்றுக்கு எரிபொருள் குறைந்து, இன்ஜின் கொதிக்கும் அந்தச் சில நொடிகளில் பிஸ்டனைக் காப்பாற்றுவது அந்தப் படலம்தான். அதே படலம் ரிங் பள்ளத்தில் படிந்தால் ரிங் அசையாமல் ஒட்டிக்கொள்ளும் என்பது அதன் குறை. செயற்கை எண்ணெய், பெரும்பாலும் பாலிஆல்கைலீன் கிளைக்கால் வகை, சுத்தமாக ஓடும், கரி படியாது, குறைந்த சூட்டில் உயவும் சிறப்பு. ஆனால் எல்லை தாண்டினால் திடீரென்று கைவிட்டுவிடும். ஆகவே உங்களுடையதைப் போன்ற ரிங் இன்ஜினுக்கு முக்கால் பங்கு செயற்கை, கால் பங்கு ஆமணக்கு என்ற கலவையே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கிளாட்ஸ் நிறுவனத்தின் சூப்பர் டெக்னிபிளேட்டில் 20 சதவீத ஆமணக்கு ஏற்கெனவே கலந்தே வருகிறது. அதை வாங்கினால் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. வார்ப்பிரும்புப் பிஸ்டனும் பால் பேரிங்குக்குப் பதில் வெண்கலப் புஷ்ஷும் உள்ள பழைய இன்ஜின் என்றால் கணக்கு மாறும்: அங்கே எண்ணெய் 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அதில் பாதியாவது ஆமணக்காக இருக்க வேண்டும்.

18 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். முன்பு சொன்ன அதே வடிவியல்தான். நான்கு மடங்கு எரிபொருள் உள்ளே போகிறது, நனைய வேண்டிய பரப்போ இரண்டரை மடங்கு. ஆகவே ஒரே சதவீதத்தில் பெரிய இன்ஜினின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சிறியதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் எண்ணெய் கிடைக்கிறது. கணக்கை மட்டும் நம்பினால் 12, 13 சதவீதத்திலேயே நிறுத்திவிடலாம். அங்கே நிறுத்தாதீர்கள், எண்ணெய் சூட்டையும் சுமக்கிறது, ரிங்கின் இடைவெளியை அடைக்கவும் உதவுகிறது, எரிபொருள் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஊசித் திருகான நீடில் ஒரு நாள் தவறாக இருந்தால் அதையும் பொறுத்துக்கொள்கிறது. 16-க்குக் கீழே இறங்காமல், புது இன்ஜின் பழகும் முதல் சில லிட்டர்களுக்கு 20 வைத்து, பிறகு 18-இல் நிலைத்துவிடுவது நல்லது. கார் மாதிரிகளுக்கென்று விற்கும் நைட்ரோ எரிபொருளில் எண்ணெய் பெரும்பாலும் இதைவிடக் குறைவு. விலை குறைவாகக் கிடைத்தாலும் அதை விமான இன்ஜினில் ஊற்றக் கூடாது.

நம் ஊரில் ஆமணக்கெண்ணெய்க்குப் பஞ்சமில்லை. உலகின் ஆமணக்கில் பெரும்பங்கு இந்தியாவில்தான் விளைகிறது, அதிலும் குஜராத்தில்; சேலம், நாமக்கல் பக்கத்திலும் பயிரிடுகிறார்கள், சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் தனி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆனால் எல்லா ஆமணக்கெண்ணெயும் இன்ஜினுக்கு ஆகாது. விதையை வறுத்து இடித்துத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிக்கும் வீட்டு எண்ணெயில் ஈரமும் பிசினும் தங்கியிருக்கும். மளிகைக் கடையில் தீபத்துக்கென்று விற்கும் எண்ணெய் பல நேரங்களில் பல எண்ணெய்களின் கலவை. உங்களுக்கு வேண்டியது முதல் பிழிவில் எடுத்து, பிசின் நீக்கி வடிகட்டிய, ஈரமும் அமிலத்தன்மையும் குறைந்த வெளிறிய எண்ணெய். இரசாயனப் பொருள் விற்பனையாளரிடம் ஃபர்ஸ்ட் ஸ்பெஷல் கிரேடு, பேல் பிரஸ்டு கிரேடு என்ற பெயர்களில் கிடைக்கும்.

பெட்ரோல் பங்கில் விற்கும் டூ-டி ஆயிலைக் கலக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது, அது பெட்ரோலில் கரையச் செய்யப்பட்டது, மெத்தனாலில் பிரிந்து நிற்கும். சந்தேகமுள்ள எந்த எண்ணெய்க்கும் ஓர் எளிய சோதனை உண்டு. மூடியுள்ள சிறு கண்ணாடிக் குப்பியில் 80 மில்லி மெத்தனாலும் 20 மில்லி எண்ணெயும் விட்டுக் குலுக்கி, ஓர் இரவு அசையாமல் வைத்துவிட்டுக் காலையில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். குப்பி முழுவதும் ஒரே நிறமாக, தெளிவாக இருந்தால் சரி. அடியிலோ மேலேயோ ஒரு கோடு தெரிந்தாலும், பால் கலந்ததுபோல் மங்கியிருந்தாலும், அந்த எண்ணெய் ஆகாது, அல்லது மெத்தனாலில் தண்ணீர் இருக்கிறது.

மெத்தனால் 99.8 சதவீதத்துக்கு மேல் தூய்மையுள்ள, நீரற்றதாக இருக்க வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் பாதி காலியான கேன் திறந்து திறந்து மூடப்பட்டால் விரைவில் கெட்டுவிடும். பெரிய கேனைவிடச் சிறிய, விளிம்புவரை நிரம்பிய கேன்களாக வைத்துக்கொள்வது நல்லது. மெத்திலேட்டட் ஸ்பிரிட், கை கழுவும் சானிடைசர், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் எதுவும் இதற்கு மாற்று ஆகாது.

கலக்கும் முன் சதவீதம் எந்தக் கணக்கில் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான எரிபொருள் லேபிள்கள் கொள்ளளவுக் கணக்கில் இருக்கும், சில எடைக்கணக்கில். மெத்தனாலின் ஒப்படர்த்தி 0.79, ஆமணக்கெண்ணெயின் ஒப்படர்த்தி 0.96, நைட்ரோமீத்தேனின் ஒப்படர்த்தி 1.14. ஆகவே கொள்ளளவில் 10 சதவீத நைட்ரோவும் 18 சதவீத எண்ணெயும் உள்ள கலவை, எடையில் பார்த்தால் 13 சதவீத நைட்ரோவும் 20 சதவீத எண்ணெயும் ஆகிவிடும். இரண்டு பேர் ஒரே எண்ணைச் சொல்லி வெவ்வேறு எரிபொருளைக் கலப்பது இப்படித்தான்.

இப்போது உங்கள் கலவை. கையில் 1 லிட்டர் எரிபொருள் இருக்கிறது, அதில் 15 சதவீத நைட்ரோ, 18 சதவீதச் செயற்கை எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். நைட்ரோவை 5 சதவீதமாக்க மொத்தத்தை 3 லிட்டராக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: 2 லிட்டர் வெறும் மெத்தனாலை ஊற்றிவிட்டால் நைட்ரோ 5 ஆகும், ஆனால் எண்ணெயும் 18-இலிருந்து 6 சதவீதமாக இறங்கிவிடும். அந்த எரிபொருளில் உங்கள் இன்ஜின் ஒரு பறத்தலைக்கூட முழுதாகத் தாங்காது. 3 லிட்டருக்கு 18 சதவீதம் என்றால் 540 மில்லி எண்ணெய். ஏற்கெனவே 180 மில்லி இருக்கிறது. சேர்க்க வேண்டியது 360. அதில் 135 மில்லி ஆமணக்கும் 225 மில்லி செயற்கையும் சேர்த்தால் மொத்த எண்ணெயில் ஆமணக்கு சரியாகக் கால் பங்காகும். மீதி 1,640 மில்லி மெத்தனால். தராசில் நிறுத்தால் ஆமணக்கு 130 கிராம், மெத்தனால் 1.3 கிலோ. சமையலறைத் தராசு ஒன்றை இதற்கென்றே தனியாக வாங்கி ஒதுக்கிவிடுங்கள். அளவுக் குவளையின் சுவரில் ஒட்டிக்கொள்ளும் கெட்டியான எண்ணெயில் கொள்ளளவு அளப்பதைவிட நிறுப்பது எப்போதும் துல்லியம். செயற்கை எண்ணெயின் அடர்த்தி ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும், அதன் லேபிளைப் பார்த்துக் கணக்கிடுங்கள்.

வரிசையும் உண்டு. சுத்தமான, காய்ந்த கேனில் முதலில் மெத்தனாலை விடுங்கள், அதில் எண்ணெயை ஊற்றிக் கரையும் வரை குலுக்குங்கள், கடைசியாக நைட்ரோ உள்ள பழைய எரிபொருளைச் சேருங்கள். ஆமணக்கு நைட்ரோமீத்தேனோடு எளிதில் சேராது என்பதால் அது முதலிலேயே மெத்தனாலில் கரைந்திருக்க வேண்டும். நுண்ணிய வடிகட்டி வழியே வேறொரு கேனுக்கு மாற்றி, சேர்மானத்தையும் தேதியையும் கேன்மீதே எழுதி ஒட்டிவிடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த விஷச்சாராயத்தில் இருந்தது இந்த மெத்தனால்தான். சில மில்லி வயிற்றுக்குள் போனாலே கண்பார்வை போகலாம். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும்கூட உடலில் ஏறும். தமிழ்நாட்டில் இதை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் சார்ந்த விதிகள் உண்டு. தனியாளாக முயலாமல், முறையான அனுமதியோடு வாங்கும் பறத்தல் சங்கம் வழியாகப் போங்கள், அப்படி வழி இல்லையென்றால் கலந்து விற்கும் எரிபொருளையே வாங்குங்கள். தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஒரு சொட்டுக்கூட வைக்காதீர்கள். குழாயில் வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். திறந்த வெளியில், மெத்தனாலுக்கு ஏற்ற கையுறையும் கண்ணாடியும் அணிந்து, அருகில் தீ, பேட்டரி சார்ஜர், சிகரெட் எதுவும் இல்லாமல் கலக்குங்கள். அதன் ஆவி 11 டிகிரி செல்சியசிலேயே பற்றக்கூடியது. நம் ஊர்ப் பகல்பொழுது முழுவதும் அது ஆபத்து எல்லைக்குள்தான் இருக்கிறது. மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் உடன் நிற்பவர்களிடம் சொல்லிவையுங்கள். நைட்ரோ உள்ள எரிபொருளைத் துப்புரவுத் திரவங்கள் உட்பட வேறெந்த இரசாயனத்தோடும் சேர்த்து வைக்கக் கூடாது. யாராவது தவறுதலாக விழுங்கிவிட்டால், ஒன்றும் தெரியவில்லையே என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய் 'மெத்தனால்' என்ற பெயரைச் சொல்லுங்கள். பாதிப்பின் அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தே வெளிப்படக்கூடும், அதற்கு மாற்று மருந்து உண்டு.

புதுக் கலவையில் முதல் முறை ஓட்டும்போது பழைய நீடில் நிலையை நம்பாதீர்கள். நைட்ரோ உள்ள கலவை கூடுதல் எரிபொருள் ஓட்டத்தைக் கேட்கும். அதைக் குறைத்திருப்பதால், பழைய எரிபொருளில் வைத்த நிலை இப்போது சற்று அடர்த்தியாக இருக்கும். நீடிலை அரைச் சுற்று மேலும் திறந்துவைத்தே கிளப்பி, சூடேறிய பிறகு சிறுகச் சிறுக மூடி உச்ச ஆர்.பி.எம். கண்டு, அங்கிருந்து 300 முதல் 500 வரை இறங்கும்படி மறுபடி திறந்துவிடுங்கள். பிறகு ஒருவர் பின்னால் உறுதியாகப் பிடித்துக்கொள்ள, விமானத்தின் மூக்கை வானத்தை நோக்கிச் சில நொடிகள் தூக்கிப் பாருங்கள். சத்தம் சற்றுக் கூர்மையானால் நல்லது. தொய்ந்து இறங்கினால் கலவை மெலிந்திருக்கிறது, இன்னும் திறக்க வேண்டும். நைட்ரோ குறைந்த கலவைக்கு மிதமானதிலிருந்து சூடான வகை வரையிலான பிளக் பொருந்தும். ஓ.எஸ். நிறுவனத்தின் எண் 8, இப்போது ஏ3 என்று வருவது, தொடங்க நல்ல இடம். மெதுவோட்டத்தில், கிளப்புவதற்காகப் பிளக்கில் மாட்டிய பேட்டரியை எடுத்ததும் இன்ஜின் சோர்ந்து நின்றால் ஒரு படி சூடான பிளக்குக்குப் போங்கள், உடனே நைட்ரோவைக் கூட்ட வேண்டாம்.

சில பறத்தல்களுக்குப் பிறகு பிளக்கைக் கழற்றி ஒரு உருப்பெருக்கியின் கீழ் பாருங்கள். கம்பிச்சுருள் புதிதுபோல் பளபளப்பாகவோ லேசான சாம்பல் மங்கலாகவோ, சுற்றுகள் ஒழுங்காகவும், சுற்றிலும் எண்ணெய் ஈரத்தோடும் இருந்தால் எரிதல் சீராக இருக்கிறது. சுற்றுகள் ஒருபக்கம் நசுங்கிக் கோணலாக இருந்தால், கம்பியின் மேல் மணல் தூவியதுபோல் பொடிப்பொடியாக அலுமினியம் ஒட்டியிருந்தால், அது டெட்டனேஷனின் கைவரிசை. பறக்கும்போது முழு திராட்டிலில் சட்டியில் எண்ணெய் பொரிவதுபோல் ஒரு சடசடப்பும், நிறுத்தியதும் புரொப்பல்லர் நட் இளகியிருப்பதும் அதே நோயின் அடையாளங்கள். அந்நிலையில் நைட்ரோவை முழுவதும் நீக்குங்கள். அப்போதும் தீராவிட்டால் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டர் ஷிம், அதாவது மெல்லிய தகட்டு வளையம், ஒன்றைக் கூடுதலாகப் போட்டு அழுத்தத்தைக் குறையுங்கள், அல்லது புரொப்பல்லரின் பிட்சை, அதாவது அது ஒரு சுற்றில் முன்னேறும் தூரத்தை, ஓர் அங்குலம் குறையுங்கள். சைலன்சரிலிருந்து வடியும் எண்ணெயை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்ப்பதும் பழக்கமாகட்டும். தெளிந்தோ இளம்பழுப்பாகவோ இருந்தால் கவலையில்லை. அடர்பழுப்பு, சூடு அதிகம் என்பதன் அறிகுறி. சாம்பல்கருப்பாக மினுமினுத்தால் உள்ளே உலோகம் தேய்கிறது. புது இன்ஜினின் முதல் சில ஓட்டங்களில் இது இயல்பு, பிறகும் தொடர்ந்தால் இன்ஜினை நிறுத்திவிட்டுத் திறந்து பார்க்க வேண்டும்.

நாளின் கடைசிப் பறத்தல் முடிந்ததும் எரிபொருள் குழாயைக் கார்புரேட்டரிலிருந்து பிடுங்கி, மிச்சமுள்ளது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். உள்ளே தங்கும் மெத்தனால் ஈரத்தை இழுக்கும், நைட்ரோ எரிந்த மிச்சம் அமிலமாகும். இரண்டும் சேர்ந்து பேரிங்கின் எஃகைத் தின்னும். நைட்ரோவைக் குறைத்ததன் பலனை நீங்கள் தெளிவாகக் காணப்போவது இரண்டு பருவம் கழித்து அந்தப் பேரிங்கில்தான். பிளக் துளையிலும் கார்புரேட்டர் வாயிலும் தையல் மெஷின் எண்ணெய் சில சொட்டு விட்டு, கையால் சில சுற்றுச் சுற்றி, பிஸ்டன் வெளியேற்றுத் துளையை மூடும் நிலையில் நிறுத்திவையுங்கள். தொட்டியையும் காலி செய்துவிடுங்கள். பருவமழை மாதங்களில் பறக்காமல் போகும் வாரங்களுக்கு முன்பு, கேனில் மீந்த கலவையை அதன் அளவுக்கேற்ற சிறிய கேனுக்கு மாற்றி இறுக மூடி, வெயில் படாத இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.